பூண்டுக் குடோனின் பின்வாசல்

இந்த வருடம் மருந்து வைக்கும் வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கம்பெனியில் கேட்டார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. என் வாயைப் பற்றி உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், சொன்னதெல்லாம் உண்மைதான். உங்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். இதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கையில் இருக்கும் சாயா ஆறிப்போகும். பரவாயில்லை, தெரிந்தவர்கள் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்குக் கோபமும் அழுகையும் தமிழில்தான் வரும்.

நான் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் நகராட்சியில் துப்புரவு வேலை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இந்தக் கம்பெனிக்குப் பில் எழுத வந்தேன். பில் எழுதி எழுதிச் சலித்துப்போய், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, மருந்து வைக்கும் குழுவுக்கு சூப்பர்வைசர் ஆனேன். சேலைக்கு மேல் முகமூடி மாட்டிக்கொண்டு பஜார் ரோட்டில் நடந்தபோது சிரிக்காத ஆள் இல்லை. பிறகு பழகிவிட்டார்கள். "சரசு சேச்சி வந்துட்டாங்க, பீடியை அணை" என்று சொல்லும் அளவுக்கு ஆனது.

மருந்து எப்படி வைப்பது, ஷீட்டை எப்படி மூடுவது, மணல் பையை எங்கே போடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. கப்பலுக்குப் போகும் சுக்கிலும் மிளகிலும் வண்டு இருக்கக் கூடாது. அதற்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறோம். காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்கிற வாயு கிளம்பும். வண்டுக்கும் மனுஷருக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லப்போவது புரியும்.

பயிற்சியில் இன்னொன்றும் சொல்வார்கள். பூண்டு மணமோ அழுகின மீன் மணமோ வந்தால் வெளியே ஓடு என்பார்கள். மட்டாஞ்சேரியில் அந்தப் பாடம் நாக்கு வழிக்கத்தான் உதவும். இங்கே ஒரு பக்கம் மீன் வண்டி நிற்கும், மறு பக்கம் பூண்டு மூட்டை இறங்கும். அதுவும் போக, அந்த மணம் வாயுவோடு சேர்ந்திருக்கும் கசடின் மணம். வாயு சுத்தமாக இருந்தால் மணமே இருக்காது. மூக்கை நம்பி உள்ளே போனவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் படம் இப்போது வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது.

ஏலூர்ப் பக்கத்துப் பெரிய ஆலைகளில் வேலை பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அங்கே மதில் உண்டு, கேட் உண்டு, சைரன் உண்டு. விஷம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்றாவது கோடு கிழித்திருக்கிறார்கள். நமக்கு அந்தக் கோடு ஒரு பழைய செங்கல் சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நாம் மருந்து வைப்போம், அந்தப் பக்கம் யாரோ சோறு பொங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னால் நடந்த விஷயம் இது. நல்ல மழைக்காலம். பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் குடோனில் மருந்து வைக்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்தது பூண்டுக் குடோன். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே பண்டகசாலையாக இருந்ததாம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வைத்துவிட்டார்கள். மேலே ஓடு இரண்டுக்கும் பொது. முன்பக்கம் ரோடு, பின்பக்கம் காயல். எங்கள் ஊர்க் குடோன்கள் எல்லாமே அப்படித்தான். முன்பு சரக்கு வள்ளத்தில் வந்து பின்வாசல் வழியாக ஏறும், இப்போது லாரியில் வந்து முன்வாசல் வழியாக ஏறுகிறது.

பழைய சுவரை நம்பக் கூடாது, பக்கத்துக் கட்டடத்தைக் காலி செய்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும் என்பது என் கட்டளை. அதனால் முந்தின நாளே பூண்டுக் குடோன் மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன் போலத்தான் பேசினார். சாயா வாங்கிக் கொடுத்தார்.

"நாலஞ்சு நாளைக்கு இங்க ஒரு ஆளும் இருக்கக் கூடாது" என்றேன்.

"ஆயிக்கோட்டே சேச்சி. ஓணம் ஆர்டர் கொறச்சு உண்டு. பின்ன, ஆளோட உயிரல்லே பெருசு" என்று தலையாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் என் கண் முன்னால் ஷட்டரை இறக்கினார். மண்டை ஓடு போட்ட எச்சரிக்கை போர்டை அந்த ஷட்டரிலேயே நான் மாட்டினேன். மலையாளம், இந்தி, தமிழ் என்று மூன்று பாஷையிலும் எழுதியது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன், கதவில் பூட்டுத் தொங்கியது. போட்டோவும் எடுத்துக்கொண்டேன். பிறகுதான் சுக்குக் குடோனில் மருந்து வைத்தோம்.

மறுநாள் காலையில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓணம் ஆர்டர் மேனேஜரை உறங்க விடவில்லை. பின்வாசல் பூட்டைத் திறந்து, பூண்டு சுத்தம் செய்யும் பெண்களைக் காயல் பக்கமாக வரச் சொல்லிவிட்டார். போர்டை அவர் அலட்சியம் செய்தார் என்று சொல்ல மாட்டேன். போர்டைப் பார்த்துப் பயந்துதான் முன் ஷட்டரைத் திறக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். மருந்து ரோட்டு வழியாக வந்துவிடும் என்பது அவர் நினைப்பு. பெண்களும் தங்கள் பங்குக்கு ஒரு காரியம் செய்தார்கள். ஷட்டருக்கு அடியில் இருந்த சந்தில் நனைந்த சாக்குகளைச் சுருட்டித் திணித்தார்கள்.

இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். நம் ஊரில் எந்தக் கெடுதலும் ரோட்டிலிருந்து ஷட்டருக்கு அடியில்தான் வரும். மழைத் தண்ணீர் அப்படி வரும். கடல் ஏறும் வேலியேற்ற நேரத்தில் காயல் பொங்கினாலும் சாக்கடையோடு சேர்ந்து அப்படித்தான் வரும். சாக்கைத் திணித்துவிட்டு வேலையைப் பார்ப்பது நம் பழக்கம். விஷம் என்று கேட்டதும் கை தானாகச் சாக்கைத் தேடியிருக்கிறது.

விஷம் வந்தது ரோட்டு வழியாக இல்லை. நடுச்சுவரில், தரையோடு தரையாக, பழைய ஓவு ஒன்று இருந்தது. ஒரே கட்டடமாக இருந்த காலத்தில் தண்ணீர் கழுவி விடும் துவாரம். எங்கள் பக்கத்தில் அதைத் தகரம் வைத்து அடைத்து மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார்கள், சுவரோடு சுவராகத் தெரிந்தது. உள்ளே தகரம் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்து, சுண்ணாம்பின் விரிசல் வழியாக வாயு போயிருக்கிறது. அந்தப் பக்கத்தில் அதன் முன்னால் பூண்டுத் தோல் குவிந்து கிடந்தது. தோல் குவியலை ஒட்டி, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பேச்சியம்மா என்ற பெண் உட்கார்ந்து வேலை செய்தாள்.

பேச்சியம்மா பெரியகுளம் பக்கத்துக்காரி. புருஷன் செத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவள். பூண்டுக் குடோனுக்கு மேலேயே ஒரு சின்ன அறையில் குடியிருந்தாள்; வேலை இருக்கும்வரை அறையும் உண்டு என்பது மேனேஜரோடு பேச்சு. நாங்கள் மருந்து வைக்கும் நாட்களுக்கு எங்கள் துப்புரவுத் தொழிலாளர் காலனியில் ஒரு வீட்டில் தங்கிக்கொள்வதாக என்னிடம் சொல்லியிருந்தாள். தங்கவும் செய்தாள். காலையில் வேலைக்கு மட்டும் பின்வாசல் வழியாக வந்தாள்.

அன்று நான் ஷட்டர் அருகே போகாமல் இல்லை. வாயு கசிகிறதா என்று மீட்டரைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தேன். பூண்டுக் குடோன் ஷட்டரின் அடியிலும் பிடித்தேன். பூச்சியம் காட்டியது. உள்ளே திணித்திருந்த ஈரச் சாக்கு வாயுவை எனக்குக் காட்டாமல் வைத்திருந்தது. பின்பக்கம் போய் வந்தேன், கதவு சாத்தியிருந்தது. பூட்டுத் தொங்கவில்லை என்பதும், அதை உள்ளே எடுத்து வைத்திருப்பார்கள் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. கதவைத் தட்டிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே இருந்தவர்கள் என் குரலைக் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். "சேச்சி வந்தா சத்தம் போடாதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார் மேனேஜர். எல்லாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள் என்று பிறகு ஒருத்தி சொன்னாள்.

அதற்கு அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும். சுமை தூக்கும் சேட்டன் ஒருவர் எனக்குப் போன் செய்தார். காயல் பக்கம் பீடி பிடிக்கப் போனவர்.

"சேச்சி, பூண்டுக் குடோன் பெண்ணுங்க எல்லாம் படியில இருந்து சர்த்திக்குந்நுண்டு. ஒண்ணு வந்து நோக்கு."

சர்த்தி என்றால் வாந்தி. முகமூடியை எடுத்துக்கொண்டு ஓடினேன். காயல் படிக்கட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்திக்கு மூச்சு வாங்கியது. மேனேஜர் சோடா பாட்டிலோடு நின்றார். பேச்சியம்மா மட்டும் நின்றுகொண்டு, வாந்தி எடுப்பவளின் நெற்றியைப் பிடித்திருந்தாள்.

"உள்ள வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லக்கா. லச்சுமி மயங்கிக் கெடந்துச்சு, நான்தான் தூக்கியாந்தேன். காலைல தின்ன கப்பைக் கெழங்கும் மத்தி மீனும் ஒத்துக்கல போல" என்றாள்.

முகமூடியை மாட்டிக்கொண்டு வாசலில் மீட்டரைப் பிடித்தேன். அது போட்ட கூச்சலில் மேனேஜரின் முகம் வெளுத்தது. ஆட்களை இன்னும் தள்ளிக் காற்று வரும் பக்கம் கூட்டிப் போனேன். என் குழுவுக்குப் போன் செய்து சுற்று வட்டாரத்தைக் காலி செய்யச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ரெண்டு நாளா அந்த வாசம் உங்க மூக்குக்குத் தெரியலையாடி?" என்று கேட்டேன்.

"என்னக்கா கேக்குறீங்க. பூண்டுக் குடோன்ல பூண்டு வாசம் அடிக்காம மல்லியப்பூ வாசமா அடிக்கும்?" என்றாள் பேச்சியம்மா. வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவள்கூடச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு காலை வரும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். கப்பை தின்றதால் வந்தது என்றே இருக்கட்டும், ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவரை உதறிவிட்டு வண்டியில் ஏறினால், நம் கம்பெனி முதலாளி போனில் வந்தார். அவர் கெஞ்சினார். "வாயு என்று நாமே சொன்னால் நம் லைசென்ஸ் போகும். டாக்டர்களுக்குத் தெரியாததா, அவர்களே பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்" என்றார். கண்டுபிடிப்பதற்கு ஆகும் நேரம் யார் உயிரிலிருந்து கழியும் என்று கேட்டேன். போன் கட்டாகிவிட்டது.

இவர்கள் சொன்னதை எதிர்பார்த்திருந்தேன். நான் எதிர்பார்க்காதது வேறு. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டபோது எல்லாப் பெண்களும் ஒரே குரலில் கப்பை என்றார்கள். ஓங்கரித்துக்கொண்டே சொன்னார்கள். வாயு என்றால் குடோனைப் பூட்டுவார்கள், பூட்டினால் ஓணத்துக்கு முன்னால் வேலை போகும் என்று வண்டியிலேயே பேசிவைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் பேர் எங்கள் காலனிக்காரர்கள். என் அம்மாவோடு ரோடு கூட்டியவளின் மகள் அதில் ஒருத்தி. என்னை நேராகப் பார்த்து, "சரசக்கா, சும்மா இரு" என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. "டாக்டர், இது கப்பை இல்லை. பாஸ்பீன். பக்கத்துக் குடோனிலிருந்து கசிந்திருக்கிறது" என்றேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யார்?" என்றாள்.

"நான்தான் அந்த மருந்தை வச்சவ."

அந்த அறையில் என்னைப் பார்த்த பார்வைகளை நான் சாகும்வரை மறக்க முடியாது. அந்த டாக்டர் மட்டும் வேறு ஒன்றும் கேட்காமல் வேலையை ஆரம்பித்தாள். ஆக்சிஜன் வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மானிட்டர் மாட்டினார்கள். யார் அதிகம் வாந்தி எடுத்தார்களோ அவர்களுக்கு முதல் கட்டில் கிடைத்தது.

பேச்சியம்மாவைக் காணோம். தேடிப் போனால் வெளியே பெஞ்சில் எல்லாருடைய பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேரே பதியவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லக்கா, லேசா நெஞ்சு கனக்குது, அவ்வளவுதான். அவளுகளப் பாருங்க" என்றாள். தரையோடு இருந்த துவாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தவள், மயங்கியவளைத் தூக்க மறுபடி உள்ளே போனவள், தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். இந்த வாயுவின் குணம் அது. வயிற்றைப் புரட்டிவிட்டு, சிலரைக் கொஞ்ச நேரம் நன்றாக நடமாடவும் விடும். அதற்குள் இருதயத்தைப் பிடித்திருக்கும். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் உள்ளே போனேன். ஈ.சி.ஜி. தாளை டாக்டர் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

திரும்பி வந்ததும் என்னிடம் கேட்டாள். "இதுக்கு மாத்து மருந்து ஏதாவது உங்க கம்பெனி டப்பாவுல எழுதியிருக்கா?" அவளுக்கும் விடை தெரியும். இருந்தாலும் கேட்டாள். மாற்று மருந்து கிடையாது. இருதயத்தைத் தாங்கிப் பிடிக்கலாம், மூச்சுக்குத் துணை செய்யலாம், காத்திருக்கலாம். அவ்வளவுதான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

மறுநாள் காலையில் போனபோது பேச்சியம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பசிக்கிறது, ஒரு சாயா வாங்கித் தரக்கூடாதா என்று கேட்டாள். மகள் கவிதா பக்கத்தில் இருந்தாள். காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண், ஓணம் கூட்டத்தில் ஒருநாள் லீவு போட்டாலும் கடையில் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். பேச்சியம்மா அவளை வேலைக்குப் போகச் சொல்லித் துரத்திக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் தேறிவிட்டார்கள் என்று கேட்டு அவளுக்குச் சந்தோஷம்.

டாக்டர் என்னை நடைக்கு அழைத்துச் சொன்னாள். மருந்து ஏற்ற ஏற்ற ரத்த அழுத்தம் இறங்குகிறது, இருதயத் தசை தளர்ந்துகொண்டே வருகிறது. "பேஷண்ட் பேசுறதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க" என்றாள். நான் ஏமாறவில்லை. ஏமாறத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

நான் உள்ளே திரும்பும்போது கவிதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நிறுத்திக் கேட்டாள்.

"அக்கா, நான் கடைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துடட்டா? அம்மா நல்லாத்தானே பேசுறாங்க?"

இத்தனை வருடம் வேலை பார்த்ததில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே பெரிய கேள்வி அதுதான். போய் வா என்று சொல்லியிருக்கலாம். அவள் நிம்மதியாகப் போயிருப்பாள், அம்மாவும் சந்தோஷமாக இருந்திருப்பாள், அந்த வேலையும் தப்பியிருக்கும். டாக்டரைக் கேள் என்று தள்ளிவிட்டிருக்கலாம். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். 

"போகாத கவிதா. இன்னிக்கு எங்கயும் போகாத. அம்மா பக்கத்துலயே உக்காரு."

அவள் புரிந்துகொண்டாள். பை தோளிலிருந்து நழுவியது. அவள் உள்ளே ஓடியதைப் பார்த்ததும் பேச்சியம்மாவுக்கும் ஏதோ புரிந்துவிட்டது. என் மேல் வந்ததே கோபம்.

"எதுக்கு என் புள்ளையப் பயமுறுத்துறீங்க? எனக்கு என்ன வந்துச்சு? நீங்க நேத்து வாயத் தொறக்காம இருந்திருந்தா, ரெண்டு வாந்தியோட போயிருக்கும். இந்நேரம் எந்திரிச்சு வேலைக்குப் போயிருப்பேன். இந்த ஒயரு, ஊசி எல்லாம் சேந்துதான் என்னப் படுக்க வச்சிருக்கு. வெளிய போங்க."

நான் வெளியே போய் நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கோபமாக இருந்தாள். பிறகு மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். காலனியில் தங்கியிருந்த வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டிருந்தாளாம், முதல் நாளிலிருந்து ஊறிப் புளித்துப்போயிருக்கும், போனதும் கீழே கொட்டிவிடு, அந்த வீட்டுக்காரிக்குப் புது அரிசி வாங்கிக் கொடு என்று சொன்னாளாம். கை ஏன் இப்படிச் சில்லென்று இருக்கிறது, தேய்த்துவிடு என்றாளாம். கவிதா தேய்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானத்துக்கு முன்னாலேயே பேச்சியம்மா போய்விட்டாள். கடைசி வரை நினைவு தெளிவாக இருந்தது. நான்தான் அவளைக் கெடுத்தேன் என்ற நம்பிக்கையும் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மற்றவர்கள் பிழைத்தார்கள். விசாரணை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், போட்டோக்களைக் காட்டினேன். அந்தப் போட்டோக்களில் ஷட்டர் மூடியிருந்தது, போர்டு அழகாகத் தெரிந்தது. கொஞ்ச நாள் இரண்டு குடோனும் பூட்டிக் கிடந்தன. காலனிப் பெண்களுக்கு அந்த ஓணம் பட்டினி ஓணம். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அம்மா சொல்வாள். இங்கே எது எந்த இடம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கம்பெனி என்னை வேலையை விட்டு நீக்கவில்லை, மறுபடியும் பில் மேஜையில் உட்கார வைத்தது. ஓய்வு பெறும்வரை பில்தான் எழுதினேன்.

அந்த ஓவை ஒரு கொத்தனார் வந்து அடைத்துவிட்டுப் போனார். ஒரு சட்டி சிமெண்ட் கலவைகூடத் தேவைப்படவில்லை. கரண்டியைக் கழுவும் நேரம்தான் ஆனது. சாயா குடிக்கக்கூட நிற்கவில்லை அவர்.

இதிலிருந்து என்ன பாடம் என்று கேட்பீர்கள். நானும் வருடக்கணக்காகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நான் செய்ததில் தப்பு எது என்று தேடினேன், கிடைத்தால் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். காலி செய்யச் சொன்னேன், போர்டு மாட்டினேன், மீட்டர் பிடித்தேன், கதவைத் தட்டினேன், டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அத்தனைக்குப் பிறகும் அவள் செத்துப்போனாள். போர்டு மாட்டியிராவிட்டால் ஷட்டர் திறந்திருக்கும், காற்று வந்திருக்கும், ஒருவேளை பிழைத்திருப்பாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாகச் செய்தால் சரியாக நடக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். ஆனாலும் சரியாகத்தான் செய்ய வேண்டும். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கவிதாவுக்கு அம்மாவோடு அந்த இரண்டு மணி நேரம் கிடைத்தது. நான் கற்ற கெமிஸ்ட்ரி, வாங்கிய லைசென்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு மனுஷிக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

துணிக்கடையில் கவிதாவின் இடத்துக்கு வேறு பெண் வந்துவிட்டாள். மேனேஜர் கூப்பிட்டு அம்மா செய்த வேலையை அவளுக்குக் கொடுத்தார். வேலையோடு மேலே இருக்கும் அறையும். போகாதே என்று சொல்லப் போனேன். "வேற எங்கக்கா போறது?" என்று கேட்டாள்.  இப்போதும் பூண்டுக் குடோனில்தான் இருக்கிறாள், அதே சுவரில் சாய்ந்துதான் உட்காருகிறாள்.

இந்த மழைக்கும் பக்கத்துச் சுக்குக் குடோனில் மருந்து வைக்க உங்களை அனுப்புவார்கள். ஓணம் ஆர்டர் இந்த வருடமும் இருக்கும். நீங்கள் போய்ச் சேரும்போது பூண்டுக் குடோன் ஷட்டர் ஏற்கெனவே இறங்கியிருக்கும், போர்டைக்கூட அவர்களே கேட்டு வாங்கி மாட்டிக்கொள்வார்கள். அதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பி வராதீர்கள். பின்கதவு சாத்தியிருந்தாலும் வராதீர்கள். காயல் பக்கம் போய்ப் பின்வாசலில் நின்று கவிதா என்று பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். மறுபடியும் கூப்பிடுங்கள். அவள் எழுந்து வெளியே வந்து, உங்களைத் திட்டிக்கொண்டே அந்தப் படியில் உட்காரும்வரை மாத்திரை டப்பாவைத் திறக்காதீர்கள்.